வாங்கிக்கொள்ளும் தியாகம்

நீடாமங்கலம் பக்கத்தைச் சேர்ந்த, சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் கடிதத்தில் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டின் தன்னலக் கோட்பாட்டை அண்மையில் படித்திருக்கிறார். பிறருக்காக வாழ வேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்ற இடத்தை எட்டியபோது தலைச்சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது என்கிறார். ஆனால் ஊருக்குப் போனால் அந்தக் கோட்பாடு ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிப்பதில்லையாம். சித்தப்பா மகன் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். ஆடியிலும் ஆவணியிலும் மொய்க்கென்றே ஒரு மாதச் சம்பளம் கரைகிறது. தனியாக இருக்கும் தாயார் ஊரோடு வந்துவிடச் சொல்கிறார். இவற்றுக்கு நடுவே, தந்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் உயில் எழுதாமல் காலமானார் என்றும், ஒன்பது மா (எங்கள் பக்கத்து நில அளவை) நிலத்துக்கு, தம் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தை அக்கா எழுதித் தர ஒப்புக்கொண்டுவிட்டதால் அதில் சிக்கல் எதுவும் இல்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. தன்னலத்தையும் நல்ல குணங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, உறவையும் இழக்காமல், நம் ஊரில் ஒருவர் வாழ முடியுமா என்பது கேள்வி.

முடியும் என்பதே என் பதில். நான் கல்லூரியில் பல ஆண்டுகள் தர்க்கமும் அறவியலும் கற்பித்தவன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவன். வகுப்பில் இந்தக் கோட்பாட்டை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இதை விரும்பி ஏற்கும் மாணவர்கள் இதில் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் கேள்வியிலும் அந்த மறுபாதியைக் காணவில்லை. அதனால்தான் பதில் சற்று நீளுகிறது.

முதலில் கோட்பாடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ராண்ட் 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு தந்தையின் மருந்துக்கடை பறிமுதல் செய்யப்பட்டதைக் கண்ணால் கண்டவர். 1926இல் அமெரிக்கா சென்று அங்கேயே தங்கிவிட்டார். பொதுநன்மையின் பெயரால் ஒருவருடைய உழைப்பை மற்றொருவர் எடுத்துக்கொள்வதன் மீது அவருக்கு இருந்த தீராத கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது. 1964இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பின் தலைப்பிலேயே தன்னலத்தை ஒரு நற்குணம் என்று அறிவித்தார். அந்தத் தலைப்பு அவருக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்தது என்பது என் எண்ணம், ஏனென்றால் தலைப்பை மட்டும் படித்தவர்களே அதிகம். உள்ளே அவர் வகுத்த நற்குணங்கள் ஏழு: பகுத்தறிவு, தற்சார்பு, சொல்லும் செயலும் ஒன்றாயிருத்தல், நேர்மை, நீதி, ஆக்கமான உழைப்பு, தன்மதிப்பு. அகப்பட்டதைச் சுருட்டுகிறவனுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. அவனை ராண்ட் தன்னலக்காரன் என்றுகூட ஏற்க மாட்டார். பிறர் உழைப்பை ஒட்டி வாழும் அவனுக்கு, பேணிக்கொள்ளத்தக்க ஒரு தன்னையே உருவாக்கிக்கொள்ளத் தெரியவில்லை என்பார்.

இந்த வேறுபாடு புதியதன்று. தன்னை நேசிப்பவன் என்று மக்கள் யாரை இகழ்கிறார்கள் என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுப்புகிறார். பணத்திலும் பெருமையிலும் உடல் இன்பத்திலும் தன் பங்கைக் காட்டிலும் கூடுதலாக அள்ளிக்கொள்பவனையே அப்படி இகழ்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, நற்செயல்களை முந்திக்கொண்டு செய்கிறவனே உண்மையில் தன்னை மிகுதியாக நேசிப்பவன் என்று முடிக்கிறார். நமக்கும் இது கேளாத குரல் அன்று. ராண்ட் தன்மதிப்பு என்று சொல்வதற்கு மிக நெருக்கமான சொல் தமிழ்நாட்டில் 1925 முதல் ஓர் இயக்கத்தின் பெயராகவே இருந்து வருகிறது. ‘சுயநலம்’ என்றால் முகம் சுளிக்கிற நம் ஊர், ‘சுயமரியாதை’ என்றால் நிமிர்ந்து உட்காரும். ராண்டின் பொருளாதாரக் கருத்துகள் நம் சுயமரியாதைக்காரர்களுக்கு உவப்பாக இருந்திருக்குமா என்பது வேறு செய்தி.

இப்போது தியாகத்துக்கு வருவோம். ராண்ட் தியாகம் என்று கண்டிப்பது ஒருவர் தமக்குப் பெரிதாக இருப்பதைச் சிறியதற்காகவோ, பொருட்டே இல்லாத ஒன்றுக்காகவோ விட்டுவிடுவதை. தாம் உயிராக நேசிக்கும் மனைவியின் நோய்க்காக ஒருவர் சொத்தையெல்லாம் செலவிட்டால் அது தியாகமே அன்று, அவருக்கு அவளே பெரியவள் என்பதால் அது அவருடைய தன்னலமே என்று அவரே விளக்கியிருக்கிறார். அதே கட்டுரையில், வெள்ளம், தீ போன்ற ஆபத்தில் முன்பின் அறியாதவருக்கு உதவுவதும் தகுமென்று ஒப்புகிறார். ஆனால் ஆபத்து வேளையின் விதியை அன்றாட வாழ்க்கையின் விதியாக்கிவிடக் கூடாது என்கிறார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, வெளியூர்களிலிருந்து மரம் அறுக்கும் இயந்திரங்களோடும் அரிசி மூட்டைகளோடும் வந்தவர்களை நாம் மறக்கவில்லை. அப்படி வந்த ஒருவரிடம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அரிசி கேட்டு நின்றால் அது என்ன உறவு? உங்கள் சித்தப்பா மகனின் டிராக்டர் புயல் அன்று. இதை அவரிடம் இதே சொற்களில் சொல்ல வேண்டாம்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டெல்டாவில் அண்ணன் தம்பி உறவுகள் முறிந்த கதைகளைக் கிளறினால் வரப்புத் தகராறுக்கு அடுத்தபடியாக இதுதான் கிடைக்கிறது. நம் ஊரில் ஜாமீன் என்பது ஒரு மரியாதை என்றும், சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துப் போன்றது என்றும் எண்ணிப் போடுகிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு அப்படி எண்ணவில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. வாங்கியவரை முதலில் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. நேராக உங்களிடம் வரலாம். நீங்கள் கட்டிய பிறகு அதை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ள 145ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. சித்தப்பா மகன் மீது வழக்குப் போடும் உரிமை! அதைப் பயன்படுத்தியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே, ‘இவர் கட்டுவாரா?’ என்று யோசிப்பதற்கு முன் உங்களை நீங்களே வேறொன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தொகை முழுவதையும் இன்றைக்கே இவருக்கு என் கையிலிருந்து கொடுக்கச் சொன்னால் கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் கையெழுத்திடுங்கள். அவர் உங்களுக்கு அந்த அளவு பெரியவர் என்று பொருள். மாட்டேன் என்றால் மறுத்துவிடுங்கள். மறுக்கும்போது ‘எங்கள் ஆபீஸில் அனுமதி இல்லை’ என்றோ ‘வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்றோ பொய் சொல்லித் தப்பிக்காதீர்கள். முதல் பொய் ஒரு வாரத்தில் வெளுத்துவிடும், இரண்டாவது பொய் உங்கள் மனைவியைச் சொந்தக்காரர்களிடம் வில்லியாக்கிவிடும். நேர்மை என்ற குணம் இங்கேதான் உங்களுக்கே உதவுகிறது. “தம்பி, ஜாமீன் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன், உனக்கென்று இல்லை, யாருக்கும். முன்பணத்துக்குக் குறைகிறது என்றால் இருபதாயிரம் தருகிறேன். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். இதில் அவருக்கு உங்கள் எல்லை தெரிகிறது. உங்கள் மனத்தில் பிறகு புளித்துப்போகும் எதிர்பார்ப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டு தீபாவளிக்கு அவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். கட்டாத கடனுக்கு வங்கி அறிவிப்பு உங்கள் பெயருக்கு வந்த பிறகு வரும் மௌனத்தைக் காட்டிலும் அது ஆயுள் குறைந்தது.

இப்படி அளந்து கொடுப்பது தமிழ் மரபுக்கு ஒவ்வாது என்று யாராவது சொன்னால், ‘ஆற்றின் அளவறிந்து ஈக’ என்ற குறளை எங்கே வைத்திருக்கிறது மரபு என்று திருப்பிக் கேளுங்கள். ஈகை அதிகாரத்தில் அது இல்லை. பொருட்பாலில், வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. பகைமேல் செல்லுமுன் தன் படைவலியை எடைபோடச் சொல்லும் அதே அதிகாரத்தில், கொடுக்குமுன் தன் இருப்பை எடைபோடு என்பதும் வருகிறது.

மொய்யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுப் போட்டு, ஊர் பெயர், தகப்பன் பெயரோடு எழுதி, பத்து ஆண்டு கழித்தும் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்யும் அந்த ஏற்பாடு, வணிகர் இருவர் ஒருவரையொருவர் மதித்துக் கொடுத்து வாங்குவதே மனித உறவின் நேர்மையான வடிவம் என்ற ராண்டின் கருத்தைத் தொல்லையில்லாமல் நடத்திக் காட்டுகிறது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் இல்லாமலே, கடனுக்குப் பதிலாக ஊர் முழுக்கச் சேர்ந்து ஒருவருக்கு முதல் திரட்டித் தரும் ஏற்பாடு அது. நீங்கள் வாங்கியதைத் திருப்பிச் செய்யுங்கள். புதிதாகத் தொடங்கும் கணக்கை உங்கள் வசதிக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதற்காக ஐந்நூறு ஐயாயிரம் ஆகும் இடத்தில் நின்றுவிடுங்கள். அங்கே உங்களுக்குத் தேவைப்படும் குணம் தற்சார்பு.

தன்னலம் எந்தக் கால அளவில் கணக்கிடப்படுகிறது என்பதை மட்டும் என் சொந்தத் தவறு ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்க வேண்டியது தள்ளிப்போய், முறைவைத்துத் தண்ணீர் விட்ட ஓர் ஆண்டு. எங்கள் கிளை வாய்க்காலில் என் முறை விடியற்காலையில் தொடங்கும். நாற்று வாடிக்கொண்டிருந்தது; அடுத்த வயல்காரர் உறங்கியிருப்பார் என்று நினைத்து நள்ளிரவில், முறைக்கு முன்பாகவே மடையைத் திறந்துவிட்டேன். அன்றிரவு வரை என் கணக்கு சரிதான்: என் பயிர், என் உழைப்பு, என் நலன். அவர் வந்து சண்டை போடவில்லை. வாய்க்கால் ஈரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். தை மாதம் அறுவடைக்கு இயந்திரம் வந்தது. என் வயலுக்கு அவர் வயல் வழியாகத்தான் பெல்ட் வண்டி இறங்க முடியும். தம் கதிர் இன்னும் முற்றவில்லை என்றும், வண்டி ஏறினால் சேறாகும் என்றும் சொல்லிவிட்டார். முற்றிலும் நியாயமான பேச்சு. ஆறு நாள் காத்திருந்தேன், அதில் இரண்டு நாள் மழை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். சாலையில் கொட்டிக் காய வைத்து, கூலி கொடுத்து அள்ளி, மறுபடியும் கொட்டி, அந்த ஒரு ராத்திரித் தண்ணீருக்கு நான் கொடுத்த விலையை என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் இதைக் கணினியில் நடத்திப் பார்த்திருக்கிறார். ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இருவர் திரும்பத் திரும்ப முடிவெடுக்க வேண்டிய ஆட்டத்துக்குப் பல துறை அறிஞர்களிடம் உத்திகளைக் கேட்டு வாங்கி மோதவிட்டார். முடிவுகளை 1984இல் நூலாக்கினார். வென்றது அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிக எளிய உத்தி: முதலில் நீயாக ஏமாற்றாதே, பிறகு எதிராளி சென்ற முறை செய்ததையே நீ செய். அதாவது நல்லவனாகத் தொடங்கு, ஏமாற்றினால் உடனே உணர்த்து, அவன் திருந்தினால் நீயும் பழையதை விட்டுவிடு. இது வெல்வதற்கு ஒரு நிபந்தனை, ஆட்டம் அடுத்தும் தொடரும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாய்க்கால் பாசனக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வயல்காரரோடு என் ஆட்டம் என் பேரன் காலத்திலும் முடியப் போவதில்லை. சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு ஒரு நபர் போனால் மற்றொருவர். ஊரில் அப்படி இல்லை. அதனால் தன்னலத்தைச் சரியாகக் கணக்கிட ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை என்றுகூடச் சொல்வேன்.

ராண்டோடு நான் ஒத்துப்போகாத இடமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. அவருடைய மனிதர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள், உடல்நலம் உள்ளவர்கள், பேரம் பேசத் தெரிந்தவர்கள். பிள்ளையாக இருந்து பெற்றதற்கும், முதுமையில் பெறப் போவதற்கும் கொடுத்து வாங்கும் கணக்கு பொருந்துவதில்லை; பெறுகிற நேரத்தில் நாம் ஒப்பந்தம் செய்யும் நிலையில் இருப்பதில்லை. எனவே தாயாரின் விஷயத்தை அந்தக் கணக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பதைப் பிள்ளைகளின் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் உங்கள் தாயார் கேட்பது பராமரிப்புத் தொகையை அன்று, உங்கள் வாழ்க்கையை. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ‘அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நீங்கள் சொல்லி, பார்க்கிற கை உங்கள் மனைவியுடையதாக இருந்தால், அந்தப் புண்ணியத்தை நீங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அவரிடம் கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், நீங்கள் சித்தப்பா மகனிடம் எதிர்பார்க்கும் அதே மரியாதையோடு அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கிருந்துதான் நான் முதலில் சொன்ன மறுபாதி தொடங்குகிறது. ராண்டின் உறுதிமொழியில் இரண்டு பகுதிகள் உண்டு: நான் பிறருக்காக வாழ மாட்டேன் என்பது ஒன்று, பிறர் எனக்காக வாழ வேண்டும் என்றும் கேட்க மாட்டேன் என்பது மற்றொன்று. முதல் பகுதி நமக்கு உடனே பிடித்துப்போகிறது. இரண்டாவதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் வீடே ஆட்டம் காண்கிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவர் யார், எல்லோரும் உண்ட பிறகு குழம்புச் சட்டியை வழித்து உண்டவர் யார், தம்பி பொறியியல் படிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் யார்? தியாகம் உயர்ந்தது என்று மேடையில் பேசுகிறவர் பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறார்.

காவிரிப் படுகைக்கு இது வீட்டோடு நிற்கும் கதையும் அன்று. பண்ணையில் உழைத்தவர்களிடம் தலைமுறை தலைமுறையாக எதிர்பார்க்கப்பட்ட குணத்துக்கு விசுவாசம் என்று பெயர். தம் உழைப்புக்கு இவ்வளவு நெல் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, அதாவது தம் நலனைத் தாமே எண்ணத் தொடங்கியபோது, நன்றிகெட்டவர்கள் என்றார்கள். 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனியாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன் பிறகும் 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வுப் போராட்டத்தை ஒட்டிய மோதலில், கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மக்கள் செங்கொடியின் கீழ் திரண்டவர்கள்; ராண்ட் காலமெல்லாம் எதிர்த்தது அந்தக் கொடியைத்தான். ஆனாலும் ‘என் உழைப்பின் பயனை எனக்குத் தா’ என்ற சொல்லில் இருந்த நியாயம் அவர் பேசிய நியாயத்துக்கு அந்நியமானதன்று என்றே நான் வகுப்பில் சொல்லி வந்தேன். இதைக் கேட்டு இரு தரப்பு மாணவர்களும் என் மீது வருத்தப்பட்டதுண்டு.

ஆகவே உங்கள் கடிதத்தில் சிக்கல் இல்லை என்று நீங்கள் கடந்து போன வரிக்குத் திரும்புகிறேன். நிலத்தின் சட்ட நிலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு 1989இலேயே பிதிரார்ஜிதச் சொத்தில், அதாவது முன்னோர் வழி வந்த சொத்தில், மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது, ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. பிறப்பினாலேயே மகளுக்கு இந்த உரிமை வருகிறது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் ஒன்பது மாவும் தந்தை தாமே சம்பாதித்ததாக இருந்தால், உயில் இல்லாத நிலையில், தாயாருக்கு மூன்று, அக்காவுக்கு மூன்று, உங்களுக்கு மூன்று. பிதிரார்ஜிதமாக இருந்தால், தந்தையும் நீங்களும் அக்காவும் முதலில் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டது போலக் கருதி, தந்தையின் மூன்றை மறுபடி மூவருக்கும் பகிர்ந்தால், உங்களுக்கு நான்கு, அக்காவுக்கு நான்கு, தாயாருக்கு ஒன்று. பாட்டி உயிரோடு இருந்தால் இந்தக் கணக்கு மாறும். எப்படிப் பார்த்தாலும் அக்காவின் பங்கு உங்கள் பங்குக்கு ஒரு குழிகூடக் குறையாது.

அந்தப் பங்கை அவர் எதற்காக விட்டுத் தருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா என்றும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகையையும் சீர்வரிசையையும் பங்கு என்று நம் ஊர் சொல்லும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயத்தில் கையெழுத்திடும் பெண்களை நான் சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அதைப் பாசம் என்று சொல்லிக்கொள்வது வாங்கிக்கொள்கிறவர்களுக்கு வசதி. உங்கள் சித்தப்பா மகன் உங்களிடம் செய்வதும் இதேதான். உறவைப் பணயம் வைத்து உங்களிடம் ஒரு கையெழுத்தைக் கேட்கிறார், அது அநியாயம் என்று உங்களுக்குச் சரியாகவே படுகிறது. அதே பேனாவை நீங்கள் அக்காவிடம் நீட்டும்போது மட்டும் அதில் சிக்கல் இல்லை என்று எப்படித் தோன்றியது?

இதில் உங்கள் நலன் என்ன என்றும் கேட்பீர்கள். இலவசமாக வரும் மூன்று அல்லது நான்கு மா நிலத்தை விடச் சொல்வது தன்னலக் கோட்பாட்டுக்கு விரோதமாகத் தெரியலாம். ஆனால் நீதி என்ற குணத்தை அந்தப் பட்டியலில் வைத்தவரின் காரணம், உழைக்காமலும் உரிமையில்லாமலும் வந்ததை வைத்துக்கொண்டு ஒருவர் தம்மை மதிக்க முடியாது என்பது. அதைவிட எளிய காரணமும் உண்டு. தாயார் படுத்துவிட்டால் திருவாரூர் மருத்துவமனைக்கு முதலில் ஓடப்போவது சென்னையிலிருக்கும் நீங்கள் அல்ல, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா. அவர் விரும்பி ஓட வேண்டுமா, ஏமாந்தோம் என்ற எண்ணத்தோடு ஓட வேண்டுமா என்பதில் உங்கள் நலனும் இருக்கிறது.

எனவே பத்திர எழுத்தரிடம் போகுமுன் அக்கா வீட்டுக்குப் போங்கள். அவர் கணவரும் பிள்ளைகளும் இல்லாத வேளையாகப் பார்த்து, “அக்கா, உன் பங்கு இவ்வளவு மா, நம் பக்கம் இன்றைக்கு மா இந்த விலை போகிறது, வழிகாட்டி மதிப்பு இவ்வளவு” என்று தொகையைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். மூன்று வழிகளைச் சொல்லுங்கள்: நிலமாகவே பிரித்துக்கொள்ளலாம்; பிரித்தால் சாகுபடிக்குச் சிரமம் என்றால் அவர் பங்குக்கு உரிய தொகையை நீங்கள் தவணையில் தந்து பத்திரம் வாங்கிக்கொள்ளலாம்; அல்லது பிரிக்காமல் வைத்துக்கொண்டு குத்தகையில் அவர் பங்கை ஆண்டுதோறும் நெல்லாகவோ பணமாகவோ கொடுக்கலாம். எதையும் வாங்காமல்தான் தருவேன் என்று அதன் பிறகும் அவர் சொல்லக்கூடும். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருடையதே. ஆனால் அன்றைக்கே சரி என்று சொல்லிவிடாமல், ஒரு போகம் போகட்டும், தை அறுவடை முடிந்து வருகிறேன், அப்போது சொல் என்று திரும்பி வந்துவிடுங்கள்.